நாடிழந்த எழுத்து: ஷஹர்னுஷ் பார்சிபூரை வாசிக்கத் தொடங்குவோருக்கு

நாடுகடந்து வாழும் எழுத்தாளர் என்றதும், அடக்குமுறை நிலவும் ஒரு நாட்டிலிருந்து தப்பி, கருத்துரிமை உள்ள வேறொரு நாட்டை அடைந்து, எழுத நினைத்ததையெல்லாம் அங்கே எழுதித் தீர்த்தவர் என்ற சித்திரமே பெரும்பாலும் நம் மனத்தில் எழுகிறது. சிலருடைய வாழ்வு அவ்வாறு அமைந்தது உண்மைதான். ஈரானிய நாவலாசிரியர் ஷஹர்னுஷ் பார்சிபூரின் வாழ்வு அப்படி அமையவில்லை. உலகம் இன்று அவரை அறிந்திருக்கும் இரு நாவல்களும் தெஹ்ரானில் அச்சாகி, தெஹ்ரானின் வாசகர்களால் முதலில் படிக்கப்பட்டவை. அவை வெளிவருவதற்கு முன்பே அவருக்கு இருமுறை சிறை வந்தது. வெளிவந்த பின் மீண்டும் சிறையும், தடையும் வந்தன. நாட்டை விட்டு வெளியேறியது எல்லாவற்றுக்கும் கடைசியில் நிகழ்ந்தது. ஓர் எழுத்தாளர் தம் நாட்டை இழப்பது விமான நிலையத்தில் தொடங்குவதில்லை என்பதை அவருடைய வாழ்வைப் போல் தெளிவாகக் காட்டும் வாழ்வுகள் குறைவு. ஆகவே புகலிட இலக்கியம் என்பதை முதன்முதலாக அறிய விரும்பும் ஒருவருக்கு அவரிலிருந்து தொடங்கும்படியே நான் சொல்வேன்.

பார்சிபூர் 1946ஆம் ஆண்டு தெஹ்ரானில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். பதின்ம வயதிலேயே கதைகள் எழுதத் தொடங்கியவர், தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து 1973இல் பட்டம் பெற்றார். ஈரானின் தேசியத் தொலைக்காட்சியில் கிராமப்புறப் பெண்களுக்கான நிகழ்ச்சியின் தயாரிப்பாளராகவும் பணியாற்றினார். ஈரானில் அப்போது மன்னர் முகமது ரேசா ஷா பஹ்லவியின் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. எண்ணெய்ப் பணத்தால் நகரங்கள் வேகமாக மாறிக்கொண்டிருந்த அதே காலத்தில், சாவாக் என்ற உளவுக் காவல்துறை எழுத்தாளர்களையும் மாணவர்களையும் வேட்டையாடிக்கொண்டிருந்தது. 1974 பிப்ரவரியில் கவிஞர் கொஸ்ரோ கொல்சொர்கியும் அவருடைய தோழர் கெராமத் தானெஷியானும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய விசாரணை தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி, நாடே அதைப் பார்த்திருந்தது. அந்த மரண தண்டனைக்கு எதிர்ப்புத் தெரிவித்துப் பார்சிபூர் தொலைக்காட்சி வேலையிலிருந்து விலகினார். அதற்காகச் சில வாரங்கள் சிறையிலும் இருந்தார். அதுவே அவருடைய முதல் சிறைவாசம். அவரை முதலில் சிறையில் அடைத்தது 1979 புரட்சிக்குப் பின் வந்த இஸ்லாமியக் குடியரசு அன்று, மன்னராட்சிதான் என்பதை வாசகர்கள் மறக்கலாகாது. மன்னர் காலத்தைப் பொற்காலமாகவும் பிற்காலத்தை மட்டும் இருளாகவும் காட்டும் எளிய கதைக்குள் அவருடைய வாழ்வு அடங்காது.

முதல் நாவலான 'நாயும் நீண்ட குளிர்காலமும்' 1976இல் வெளிவந்தது. அரசியல் கைதியாகச் சிறை சென்று திரும்பும் அண்ணன், அவன் வீழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும் தங்கை, இருவரையும் இறுக்கிப் பிடித்திருக்கும் நடுத்தர வர்க்கக் குடும்பம் என்று விரியும் கதை அது. அதே ஆண்டு அவர் பாரிஸ் சென்று, சோர்போன் பல்கலைக்கழகத்தில் சீன மொழியும் சீன நாகரிகமும் பயின்றார். ஈரானியப் படிப்பாளிகள் பலரும் ஐரோப்பாவுக்குச் சென்று ஐரோப்பியத் தத்துவம் படித்த காலத்தில், அவர் அங்கே சென்று கிழக்கைப் படித்தது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தாவோ சிந்தனை பற்றிய நூலைப் பாரசீகத்தில் மொழிபெயர்க்கும் அளவுக்கு அந்த ஈடுபாடு ஆழமானது. இருளும் ஒளியும், பெண்மையும் ஆண்மையும் ஒன்றையொன்று அழிக்காமல் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும் என்ற எண்ணம் பிற்கால நாவல்களின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

1979இல் புரட்சி மன்னராட்சியை வீழ்த்தியது. பிரான்சில் படிப்பைத் தொடர முடியாமல் 1980இல் அவர் நாடு திரும்பினார். திரும்பி வந்த ஈரானில் பெண்களின் சட்டநிலை தலைகீழாகியிருந்தது. மணவிலக்கிலும் குழந்தைகளின் பொறுப்பிலும் பெண்களுக்கு ஓரளவு உரிமை தந்திருந்த 1967ஆம் ஆண்டின் குடும்பப் பாதுகாப்புச் சட்டம் கைவிடப்பட்டிருந்தது. தலையை மறைக்கும் ஹிஜாப் அலுவலகங்களில் தொடங்கிப் படிப்படியாகக் கட்டாயமாகி, 1983இல் எல்லாப் பெண்களுக்குமான சட்டமானது. இதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பு, 1936இல், மன்னரின் தந்தையான ரேசா ஷா இதற்கு நேர் எதிரான ஆணையைப் பிறப்பித்து, தெருவில் நடந்த பெண்களின் முக்காட்டைக் காவலர்களைக் கொண்டு வலுக்கட்டாயமாக அகற்றினார். ஓர் அரசு துணியைப் பறித்தது, மற்றோர் அரசு துணியைத் திணித்தது. அந்தப் பெண்களிடம் இரண்டு முறையும் யாரும் எதையும் கேட்கவில்லை. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் பார்சிபூரின் புனைவுகளில் பெண்ணுடல் ஏன் மரமாகிறது, ஏன் ஒளியாகிறது, ஏன் செத்தும் எழுகிறது என்பது விளங்கத் தொடங்கும்.

1981இல் புதிய அரசுக்கும் எதிர்ப்பு இயக்கங்களுக்கும் இடையிலான மோதல் முற்றி, ஆயிரக்கணக்கானோர் கைதானபோது பார்சிபூரும் கைது செய்யப்பட்டார். அவர் எந்தக் கட்சியிலும் இருந்ததில்லை. குடும்பத்தின் காரில் இருந்த, சகோதரர் சேகரித்து வைத்திருந்த அரசியல் வெளியீடுகளே காரணமாயின. அவருடைய தாயும் உடன் சிறை சென்றார். முறையான குற்றச்சாட்டு எதுவும் இன்றி நான்கு ஆண்டுகளுக்கும் மேல் அவர் எவின், கெசெல் ஹெசார் முதலிய சிறைகளில் கழித்தார். எவின் சிறையில் அந்நாட்களில் இரவுதோறும் மரண தண்டனைகள் நிறைவேறின. துப்பாக்கிகளின் கூட்டு முழக்கத்துக்குப் பிறகு ஒவ்வொருவருக்குமாகத் தனித்தனியே சுடப்படும் கடைசிக் குண்டின் ஓசையை எண்ணி, அன்று எத்தனை பேர் இறந்தார்கள் என்று கைதிகள் கணக்கிட்டுக்கொண்டார்கள். தாம் எந்த இயக்கத்தையும் சேராதவர் என்பதால், காவலர்களுக்கும் அவர் வேண்டாதவராக இருந்தார். இயக்கக் கட்டுப்பாட்டில் வாழ்ந்த கைதிகளுக்கும் முழுமையாக உரியவராக இருக்கவில்லை. பின்னாளில் அவர் எழுதிய சிறை நினைவுக்குறிப்பின் வலிமை பெரும்பாலும் இந்த நிலையிலிருந்தே வருகிறது. உடனிருந்த பதினாறு, பதினேழு வயதுப் பெண்களின் பிடிவாதத்தையும் அச்சத்தையும் மரணத்தையும், எந்தக் கொடியின் கீழும் நிற்காத ஒருவரின் கண்ணோடு அவர் பதிவு செய்கிறார்.

1986இல் விடுதலையானார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் இரு நாவல்கள் அச்சேறின. இரண்டையும் சற்று நின்று பார்க்க வேண்டும்.

'தூபாவும் இரவின் பொருளும்' 1989இல் வெளிவந்து ஈரானில் மிகப் பரவலாகப் படிக்கப்பட்டது. காஜார் மன்னர் வம்சத்தின் கடைசிக் காலத்தில் தொடங்கி, ஒரு பெண்ணின் நீண்ட வாழ்வின் வழியே ஈரானின் இருபதாம் நூற்றாண்டைச் சொல்லும் பெரிய நாவல் அது. தூபாவின் தந்தை ஹாஜி அதீப் ஓர் அறிஞர். பூமி உருண்டை என்று அறியும்போது அவர் நிலைகுலைகிறார். பூமி உருண்டை என்றால் பழைய ஒழுங்கு எதுவும் நிலையானதில்லை. பெண்களுக்கும் சிந்திக்க இயலும். சிந்திக்கத் தொடங்கினால் அவர்கள் அடங்கி இருக்க மாட்டார்கள் என்று அவர் மனம் ஓடுகிறது. மகளுக்கு எழுத்தறிவிப்பதும் அவரே. இந்தத் தொடக்கப் பகுதியை வாசிக்கும்போது, அறிவைக் கண்டு ஒரு நல்ல மனிதரும் அஞ்சுவது எப்படி என்பதை இதைவிட நுட்பமாக எழுத முடியுமா என்று எனக்குத் தோன்றுகிறது.

தந்தை இறந்தபின், விதவையான தாயை ஒரு கட்டாயத் திருமணத்திலிருந்து காப்பாற்றுவதற்காக, பதினான்கு வயதுத் தூபா தன்னைவிடப் பல பத்தாண்டுகள் மூத்த உறவினரைத் தானே மணந்துகொள்கிறாள். அந்த மணமும் முறிகிறது. பிறகு ஒரு காஜார் இளவரசரோடு நடந்த மணமும் முறிகிறது. அவளுக்கு உள்ளூர இருக்கும் ஒரே வேட்கை கடவுளைத் தேடிப் புறப்பட வேண்டும் என்பதுதான். ஆண் ஒருவனுக்கு அந்த வேட்கை இருந்தால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தர்வேஷாக, அதாவது அலைந்து திரியும் துறவியாக, வழியைப் பார்த்துப் போய்விடலாம். பாரசீக சூஃபி மரபு முழுவதும் அப்படிப் புறப்பட்டுப் போனவர்களின் கதைகளால் நிறைந்தது. தூபாவுக்கோ குழந்தைகள், குத்தகைதாரர்கள், நெய்ய வேண்டிய கம்பளம், ஒழுகும் கூரை என்று வீடு அவளைப் பிடித்துக்கொள்கிறது. அந்த வீட்டின் முற்றத்தில் ஒரு மாதுளை மரம் நிற்கிறது. வன்புணர்வுக்கு ஆளாகிக் கருவுற்ற சிறுமி ஒருத்தியைக் குடும்ப மானத்தின் பெயரால் அவளுடைய மாமனே கொன்று, அந்த மரத்தடியில் புதைக்கிறான். அந்த இரகசியத்தைக் காப்பவளாகத் தூபா வாழ்நாள் முழுவதும் அந்த வீட்டை விட்டு அசைய முடியாமல் போகிறாள். மன்னர்கள் மாறுகிறார்கள், அரசியல் சட்டம் வருகிறது, போர்கள் வருகின்றன. மரத்தடியில் கிடக்கும் பெண்ணைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. ஈரானின் நவீன வரலாற்றை ஒரு வீட்டு முற்றத்துக்குள் கொண்டுவந்து வைத்த நாவல் என்று இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

இரண்டாவது நாவலான 'ஆண்கள் இல்லாத பெண்கள்' அளவில் மிகச் சிறியது. இதை அவர் 1970களிலேயே எழுதிவிட்டார். புத்தகமாக வந்தது 1989இல்தான். கதை நடப்பது 1953 ஆகஸ்டில். எண்ணெய் வளத்தை நாட்டுடைமையாக்கிய பிரதமர் முகமது முசாதேக்கை, அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு அமைப்புகளின் துணையோடு இராணுவம் கவிழ்த்து, தப்பி ஓடியிருந்த மன்னரை மீண்டும் அரியணையில் அமர்த்திய மாதம் அது. வீதிகளில் ஆர்ப்பாட்டமும் துப்பாக்கிச் சூடும் நடந்துகொண்டிருக்க, ஐந்து பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வாழ்விலிருந்து நழுவி, தெஹ்ரானுக்கு மேற்கே கரஜ் நகரில் உள்ள ஒரு தோட்டத்தில் வந்து சேர்கிறார்கள்.

பள்ளி ஆசிரியை மஹ்தோக்த் உடலுறவை நினைத்தாலே அஞ்சி ஒடுங்குபவள். அவள் தன்னை அந்தத் தோட்டத்து மண்ணில் நட்டுக்கொண்டு மரமாக முடிவெடுக்கிறாள். முனிஸ் வீட்டுக்குள்ளேயே அடைபட்டு வானொலி கேட்டுக்கொண்டிருந்தவள். மாடியிலிருந்து விழுந்து சாகிறாள், எழுகிறாள், வெளியே சென்று திரும்பியதற்காக அண்ணனின் கத்தியால் மறுபடியும் சாகிறாள், மறுபடியும் எழுகிறாள். அப்போது பிறர் மனத்தைப் படிக்கும் ஆற்றல் அவளுக்கு வந்துவிடுகிறது. அவளுடைய தோழி ஃபாயிஸே முனிஸின் அண்ணனையே மணக்க விரும்புபவள். விலைமகள் ஸரின்கொலாவின் கண்ணுக்குத் தன்னிடம் வரும் ஆண்கள் எல்லாரும் தலையில்லாதவர்களாகத் தெரியத் தொடங்குகிறார்கள். அவள் குளியலறைக்குச் சென்று தேய்த்துத் தேய்த்துக் குளித்துவிட்டுக் கரஜை நோக்கி நடக்கிறாள். நீண்ட மணவாழ்வில் புழுங்கிய செல்வச் சீமாட்டி ஃபரூக்லகா கணவர் இறந்தபின் அந்தத் தோட்டத்தை விலைக்கு வாங்குகிறார்.

இவ்வகை எழுத்தை மாய யதார்த்தம் என்று அழைப்பது வழக்கம். லத்தீன் அமெரிக்க நாவல்களால் நமக்குப் பழகிப்போன பெயர் அது; அன்றாட வாழ்வும் அதிசய நிகழ்வும் ஒரே குரலில், எவ்வித வியப்பும் காட்டாமல் சொல்லப்படும் முறையைக் குறிக்கிறது. பார்சிபூருக்கு அந்தப் பெயர் ஓரளவே பொருந்தும். இறந்த ஞானிகள் பேசுவதும், அரசிளங்குமரி கனிக்குள் இருப்பதும், பறவைகள் கூடித் தம் அரசனைத் தேடிச் செல்வதும் பாரசீகக் கதை மரபுக்கு ஆயிரம் ஆண்டுப் பழக்கம். அந்த மரபிலிருந்தும், சீனச் சிந்தனையிலிருந்தும், தெஹ்ரானின் அடுக்களைப் பேச்சிலிருந்தும் அவர் தமக்கென்று ஒரு முறையை உருவாக்கிக்கொண்டார். அதைவிட முக்கியமாக, அவருடைய கதைகளில் அதிசயம் நிகழும் இடங்களைக் கவனிக்க வேண்டும். யதார்த்தத்தில் ஒரு பெண்ணுக்கு வழியே இல்லாமல் போகும் அந்தப் புள்ளியில்தான் அது ஒவ்வொரு முறையும் நிகழ்கிறது. அண்ணன் கத்தியை எடுத்தபின் முனிஸ் செய்யக்கூடியது எதுவுமில்லை. ஆகவே அவள் செத்து எழுகிறாள். அதிசயத்தை அவர் அழகுக்காகத் தூவுவதில்லை. கொடுமை எவ்வளவு பெரியது என்று அளப்பதற்கு அதைப் பயன்படுத்துகிறார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கரஜ் தோட்டம் சொர்க்கம் இல்லை. அங்கே வரும் வழியிலேயே முனிஸும் ஃபாயிஸேயும் வன்புணர்வுக்கு ஆளாகிறார்கள். தோட்டத்தில் ஒரு நல்ல தோட்டக்காரன் இருக்கிறான்; ஸரின்கொலா அவனை மணந்து ஒரு மலரைப் பெற்றெடுக்கிறாள். மரமான மஹ்தோக்த் அவளுடைய தாய்ப்பாலைக் குடித்து வளர்ந்து, இறுதியில் விதைகளாக வெடித்து, ஆற்று நீரோடு உலகெங்கும் போகிறாள். ஃபாயிஸே முனிஸின் அண்ணனுக்கு இரண்டாம் மனைவியாகிறாள். ஃபரூக்லகா மறுமணம் செய்துகொள்கிறார். முனிஸ் நெடுங்காலம் அலைந்தபின் நகருக்குத் திரும்பிப் பள்ளி ஆசிரியையாகிறாள். பெண்கள் ஒன்றுகூடியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்ற பொய்யை அவர் எழுதவில்லை. பெண்ணியத்தின் பெயரால் இந்நாவலைப் பாராட்டுபவர்களில் பலர் இந்த நேர்மையைக் கவனிக்காமல் கடந்துவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

ஈரானில் ஒரு புத்தகம் கடைக்கு வர வேண்டுமானால் பண்பாட்டு, இஸ்லாமிய வழிகாட்டுதல் அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி பெற்று வெளிவந்த புத்தகமும் பின்னர் தடைக்கு ஆளாகலாம். இந்தச் சிறு நாவலுக்கு நேர்ந்ததும் அதுவே. முனிஸும் ஃபாயிஸேயும் கன்னித்திரையைப் பற்றிப் பேசிக்கொள்ளும் ஓர் உரையாடல் அதில் வருகிறது. கீழே குதித்தால் அது கிழிந்துவிடும் என்று சிறுமிப் பருவம் முழுவதும் மரம் ஏறாமலே வளர்ந்த முனிஸுக்கு, தனக்குச் சொல்லப்பட்டது உண்மையில்லை என்று முப்பத்தெட்டு வயதில்தான் தெரிய வருகிறது. தன் உடலைப் பற்றித் தனக்கே தெரியாமல் ஒரு வாழ்வு வீணாகிவிட்டதே என்ற அவளுடைய கோபம் ஒரு சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. அந்தப் பக்கங்களுக்காகப் பார்சிபூர் மீண்டும் கைது செய்யப்பட்டார். பதிப்பாளரும் சிறை சென்றார். புத்தகம் தடை செய்யப்பட்டது. காலப்போக்கில் அவருடைய எழுத்துகள் அனைத்தும் தாய்நாட்டில் தடைக்கு உள்ளாயின.

எழுதிப் பிழைக்க வழியில்லாத நிலையில் 1994இல் அவர் அமெரிக்கா சென்றார். பின்னர் கலிபோர்னியாவில் குடியமர்ந்தார். மன்னர் சிறையிலும் புரட்சியின் சிறையிலும் இருந்துவிட்டு, தன் வாசகர்களிடமிருந்து முழுமையாகப் பிரிக்கப்பட்ட பிறகுதான் அவர் நாட்டைக் கடந்தார் என்பதை இங்கே கவனிக்கலாம். 2003இல் பிரவுன் பல்கலைக்கழகம் அச்சுறுத்தலுக்கு ஆளான எழுத்தாளர்களுக்காக நடத்திய நல்கைத் திட்டத்தின் முதல் எழுத்தாளராக அவரை அழைத்தது. 2010இல் அதே பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. சிறை நினைவுக்குறிப்பு 1996இல் பாரசீக மொழியில் ஸ்வீடனிலிருந்து வெளிவந்தது. புரட்சிக்குப் பின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிதறிய ஈரானியர்கள் நடத்திய சிறு பதிப்பகங்கள் இல்லையென்றால் இத்தகைய நூல்கள் சொந்த மொழியில் அச்சாகியே இருக்க முடியாது.

அங்கிருந்தபடியே நாவல்களும், அறிவியல் புனைகதை ஒன்றும் எழுதினார். எனினும் நாடுகடந்த எழுத்தாளரின் மிகப் பெரிய இழப்பு இங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. எழுதும் உரிமை கிடைத்துவிட்டது. படிப்பவர்கள் எல்லைக்கு அப்பால் இருக்கிறார்கள். பாரசீகத்தில் எழுதும் ஒருவருக்கு அமெரிக்க வாசகர் மொழிபெயர்ப்பு வழியாகத்தான் கிடைப்பார். 1989இல் தெஹ்ரானில் வெளியான 'தூபா' ஆங்கிலத்தில் நூலாக வந்தது 2006இல், அதாவது பதினேழு ஆண்டுகள் கழித்து. அதற்குள் எழுத்தாளர் வேறு நூல்களுக்குப் போய்விடுகிறார். அந்த நூல்களோ மொழிபெயர்க்கப்படாமல் நின்றுவிடுகின்றன. எனவேதான் உலகம் அவரை இன்றும் தெஹ்ரானில் எழுதிய நூல்களைக் கொண்டே அறிந்திருக்கிறது.

2009இல், தாமும் நாடுகடந்து வாழும் ஈரானியக் கலைஞர் ஷிரின் நெஷாத், 'ஆண்கள் இல்லாத பெண்கள்' நாவலைத் திரைப்படமாக்கினார். ஈரானில் படமாக்க வழியில்லாததால் மொராக்கோவின் தெருக்களே 1953ஆம் ஆண்டுத் தெஹ்ரானாயின. வெனிஸ் திரைப்பட விழாவில் அப்படம் சிறந்த இயக்கத்துக்கான வெள்ளிச் சிங்க விருதைப் பெற்றது. விலைமகளிர் விடுதியின் தலைவியாகப் பார்சிபூரே சிறு வேடத்தில் நடித்திருக்கிறார். படத்தில் மரமாகும் மஹ்தோக்த் இல்லை. முனிஸ் அரசியல் போராட்டத்தில் இறங்குபவளாக மாறியிருக்கிறாள். காட்சியழகில் குறைவற்ற படம்தான். ஆனாலும் படத்தை மட்டும் பார்த்தவருக்கு மூல நாவலின் விளையாட்டும் முரட்டுத்தனமும் கிடைப்பதில்லை என்பதே என் கருத்து.

ஆங்கிலம் வழியாகப் படிக்க விரும்புபவர்கள் 'ஆண்கள் இல்லாத பெண்கள்' நாவலிலிருந்தே தொடங்கலாம். ஒரே அமர்வில் முடிக்கத்தக்க அளவுதான். அதற்குமுன் 1953ஆம் ஆண்டு ஆட்சிக் கவிழ்ப்பைப் பற்றி ஒரு சிறு கட்டுரையைப் படித்துக்கொண்டால், முனிஸின் வீட்டுக்கு வெளியே கேட்கும் கூச்சல் யாருடையது என்பது தெரிந்திருக்கும். அடுத்ததாக, 2013இல் ஆங்கிலத்தில் வந்த சிறை நினைவுக்குறிப்பைப் படிப்பதே நல்லது. 'தூபா'வை மூன்றாவதாக வைத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீண்ட சிறைவாசத்திலிருந்து வெளிவந்த சில ஆண்டுகளில் ஈரானிய வாசகர்களின் கைக்கு அவர் கொடுத்த நூல் அது. எவின் சிறையில் அவருடன் இருந்த இளம்பெண்களைப் பற்றிப் படித்துவிட்டு வருபவருக்கு, மாதுளை மரத்தடியில் புதைக்கப்பட்ட சிறுமியும், நாவலின் பிற்பகுதியில் அதே மரத்தடிக்கு வந்து சேரும் இளம் போராளியான மரியமும் யாரென்று சொல்லத் தேவையிருக்காது.